சுண்டுவிரலில் கட்டிய நூல்

விஸ்வநத்தத்தில் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், என் குரல் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நான் கிணற்றடியில் பேசினால் பட்டாசு ஆபீஸ் வாசல் வரை கேட்கும் என்று என் கொழுந்தன் முத்தையா சொல்வான். அப்படிப்பட்டவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. பிறகு தொண்டையில் துளை போட்டார்கள். பல நாட்கள் என்னிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. இப்போது பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எப்படித்தான் இருந்தீக?" என்று கேட்கிறார்கள். பாதி சொல்வதற்குள் குரல் கம்மிவிடுகிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததை வீணாக்குவானேன் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காலில் குத்தியது ஒரு கருவமுள். புரட்டாசி உழவுக்கு முன்னால் எங்கள் காட்டில் முள் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளங்காலில் ஏறியது. வீட்டுக்கு வந்து ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டு மஞ்சள் சுட்டு வைத்தேன். புண் மூடிக்கொண்டது, நானும் மறந்துவிட்டேன். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போயிருந்தது. சொத்தைப் பல்லாக இருக்கும் என்று கிராம்பு வைத்தேன். மத்தியானம் கம்மஞ்சோற்று உருண்டை வாய்க்குள் போகவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது.

"மதினி வாய்க்குப் பூட்டுப் போட்டது யாரு? ஊரே சேந்து அவருக்கு மாலை போடணுமே" என்றான் முத்தையா.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் உதடு இழுத்தபடியே இருந்தது. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன மதினி, தனியா உக்காந்து சிரிக்கீக?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. முகம்தான் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் வாடகைக் கார் பிடிக்க ஓடினார்.

அவர் பட்டாசு ஆபீஸில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வெடிமருந்து கலக்குகிற அறைக்குப் போர்மேன். பேசவே மாட்டார். கல்யாணத்தின்போது எங்கள் இரண்டு பேருக்குமான பேச்சை மொத்தமாக என்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கார் ஒவ்வொரு பள்ளத்தில் விழுந்தபோதும் என் கழுத்து பின்பக்கம் வெட்டி இழுத்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்தவர். என் வாயைப் பார்த்தார். உடனே குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். வாய் வலி என்று வந்தவளின் காலை ஏன் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மூடியிருந்த புண்ணை விரலால் தொட்டு, "முள்ளா?" என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

"ரணஜன்னி" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மண்ணில் இருக்கிற ஒரு கிருமி புண் வழியாக உள்ளே போகிறது. மேலே புண் ஆறிவிடும். உள்ளே அது விடுகிற விஷம் நரம்புகளைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தசை இறுகும், தளராது. முதலில் தாடை, அப்புறம் கழுத்து, முதுகு, கடைசியில் மூச்சு விடுகிற நெஞ்சு. கைவிரல்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவைக்கும். புத்தியையும் விட்டுவைக்கும். புத்தி கலங்கினாலாவது தேவலை என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன்.

"சின்னச் சத்தம் போதும், படக்குன்னு ஒரு வெளிச்சம் போதும், உடம்பு வில்லா வளைஞ்சிரும். அது நெஞ்சைப் பிடிச்சா மூச்சு நின்னுரும். விஷம் இறங்குற வரைக்கும் சத்தமில்லாம வச்சிருக்கணும், கண்ணெடுக்காம பாத்துக்கணும். வேற வழி கிடையாது" என்றார்.

சத்தத்தைச் செய்து லோடு லோடாக ஊர் உலகத்துக்கு அனுப்புகிற ஊர் எங்களுடையது. தீபாவளிக்குச் சரக்கு போகிற சீசன் வேறு. அந்த ஊரில், அந்த நேரத்தில், எனக்குச் சத்தம் ஆகாத நோய். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

விஷத்தை முறிக்க ஊசி போட்டார்கள். அந்த மருந்தைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்களாம். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முதலில் தோலுக்கு அடியில் ஒரு சொட்டு போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முழுதாகப் போட்டார்கள். ஒரு சொட்டு போட்டுவிட்டு அத்தனை நேரம் காத்திருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காத்திருப்பதும் வைத்தியம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என்னைக் கொண்டுபோன அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பிழைக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை வார்டின் கடைசி மூலையில் போடுவார்களாம், மற்றவர்கள் பார்த்துப் பயந்துவிடக் கூடாதே என்று. மூலையில் கிடப்பவர்களுக்கு ஏதாவது ஒன்று ஆனால் ஆள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். இந்த டாக்டரம்மா வந்ததும் அதைத் தலைகீழாக மாற்றினார். ரொம்ப மோசமானவர்கள் நர்சு மேசைக்கு எதிரே இருக்க வேண்டும், மேசையில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். அதற்காக மருந்துச் சாமான் வைத்திருந்த அறையை ஒழித்து இரண்டு கட்டில் போட்டார். ஜன்னலுக்கு நீலத் துணி தொங்கவிட்டார்கள். கதவுக் கீலுக்கு நல்லெண்ணெய் விட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் செருப்பையும் வளையலையும் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். என் காதில் பஞ்சு அடைத்தார்கள்.

சொந்தக்காரர்களில் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. அது அவர் புருசன் என்பதால் இல்லை. முதல் நாள் அவர் டம்ளரை மேசையில் வைத்ததை டாக்டரம்மா கவனித்திருக்கிறார். துளிச் சத்தம் இல்லை.

"எங்க பழகுனீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"மருந்து கலக்குற ரூம்புல எதையும் டக்குன்னு வைக்கப்படாதும்மா. வச்சா அம்புட்டுத்தான்" என்றாராம் இவர்.

நோய் முற்றியது. முதுகு வளைந்தால் தலையும் குதிங்காலும் மட்டும்தான் கட்டிலில் இருக்கும். எலும்பு முறிகிற மாதிரி வலிக்கும், கத்த வாய் கிடையாது. எச்சிலை விழுங்க முடியாமல் அது மூச்சுக்குழலில் இறங்க ஆரம்பித்ததும் தொண்டையில் துளை போட்டு ஒரு வெள்ளிக் குழாயை வைத்தார்கள். அதற்குள்ளே இன்னொரு குழாய் இருக்கும். சளி அடைத்தால் உள்குழாயை மட்டும் உருவிக் கழுவிவிட்டு மறுபடி போட்டுவிடலாம். மூக்கு வழியாக இன்னொரு ரப்பர் குழாய், கஞ்சிக்கும் பாலுக்கும். முத்தையா தினம் விடியும் முன் கறந்த பாலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவான். செலவு என்னாகுமோ என்று நான் கண்ணாலேயே கேட்டபோது, என் வீட்டுக்காரர், "மிளகா வித்த காசு இருக்கு. நீ அதை நினைக்காத" என்று காதருகே சொன்னார்.

தொண்டைக் குழாய் வைத்தால் காற்று குரல் பக்கம் போகாது. எனக்கு மூச்சு திணறினாலும் யாரையும் கூப்பிட முடியாது. முதலில் கையில் சின்ன மணி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் அதை ஆட்டினேன். அந்தச் சத்தத்திலேயே என் உடம்பு வளைந்தது. அதோடு மணியின் கதை முடிந்தது.

மேசையில் உட்காருகிற நர்சுகளில் ஒருவர் கிரேஸ் சிஸ்டர். தாயில்பட்டிக்காரர், என்னைவிடச் சின்னவர். மறுநாள் அவர்தான் டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"எங்கம்மா தீப்பெட்டி ஒட்டும்போது தொட்டில் கயித்தைக் கால் பெருவிரல்ல கட்டிக்கிடுவாக டாக்டர். புள்ள அசைஞ்சா கைவேலையை விடாமலே தெரிஞ்சிரும். அக்காவுக்கு விரல் அசையுது. ஒரு நூலைக் கட்டி மறுமுனையை நம்ம மணிக்கட்டுல கட்டிக்கிட்டா என்ன?"

டாக்டரம்மா என் விரல்களைப் பார்த்தார். "கட்டலாம். ஆனா நூலைக் கட்டினவங்க, நூல் இழுத்தா ஒழிய, வேற எதுக்கும் எந்திரிக்கக் கூடாது. இன்னொருத்தர் வந்து தன் கையில மாத்திக் கட்டின பிறகுதான் எந்திரிக்கணும். அப்படி இருந்தாத்தான் நூலுக்கு அர்த்தம்" என்றார்.

என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து சரவெடி பின்னுகிற நூலில் பிரிக்காத கண்டு ஒன்று வாங்கி வந்தார். என் வலது கைச் சுண்டுவிரலில் ஒரு முடிச்சு. தரையோரமாகப் போய் மேசையில் இருப்பவர் இடது மணிக்கட்டில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான் சாமான். ஆனால் அன்று எனக்கு வந்த தைரியத்தை எப்படிச் சொல்வேன். ஊரெல்லாம் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு இத்தனை வருசம் பேசியிருக்கிறேன். ஒரு நூல் அளவுக்கு எதுவும் எட்டியதில்லை. இழுத்தால் ஒருவர் வந்தார். ஒவ்வொரு தடவையும் வந்தார்.

ஒருநாள் எதுவும் இல்லாமலே இழுத்தேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. கிரேஸ் சிஸ்டர் வந்து குழாயைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கோபப்படவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து தன் பக்கத்திலிருந்து நூலை மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். அதற்குப் பிறகு அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை.

வலிப்பு குறைய ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் டாக்டரம்மா என் தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே போய், "பிழைச்சுக்கிட்டாங்க. இனிமே மெல்ல மெல்லச் சரியாகும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் வாசலுக்குப் போய் முத்தையாவிடம் சொன்னார். முத்தையா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

எங்கள் ஊரில் ஒரு நல்ல சேதி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பிள்ளை பிறந்தாலும், வழக்கில் ஜெயித்தாலும், லாரி வாங்கினாலும் ஒன்றுதான் செய்வோம். முத்தையா இருப்பதிலேயே நீளமான சரவெடியை வாங்கிவந்து ஆஸ்பத்திரி வாசலில் விரித்துப் பற்ற வைத்துவிட்டான். அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. மதினி பிழைத்துவிட்டாள் என்கிற சந்தோசம் ஒன்றுதான் அவன் தலைக்குள் இருந்தது.

முதல் வெடியிலேயே நான் வளைந்துவிட்டேன். பஞ்செல்லாம் எம்மாத்திரம். ஒரு வெடிக்கு இறுகிய உடம்பு தளருவதற்குள் அடுத்த வெடி. நெஞ்சு கல்லாகி நின்றது. திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. டாக்டரம்மா வாசலைப் பார்த்து ஓடினார். இரண்டு நர்சுகள் ஓடினார்கள், ஆயா ஓடினாள், என் வீட்டுக்காரர் ஓடினார். சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று எல்லாரும் சத்தத்தை நோக்கி ஓடினார்கள்.

கிரேஸ் சிஸ்டர் மட்டும் ஓடவில்லை. மேசை விளக்கடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் வலிப்பு ஓய்ந்து பிடி தளர்ந்தது. உடம்பு மெத்தையில் சாய்ந்தது. பார்ப்பவர்களுக்கு அமைதியாகிவிட்டது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் மூச்சு வரவில்லை. வலிப்பு கிளப்பிவிட்ட சளி குழாயை அடைத்துவிட்டது. மற்ற நேரமாக இருந்தால் குழாயின் சத்தம் மாறியதுமே சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்தச் சத்தத்தை வெடி விழுங்கிவிட்டது. நீலத் துணி கறுப்பாகிக்கொண்டு வந்தது. என் பெயரே எனக்கு மறந்துபோனது. சுண்டுவிரல் மட்டும் ஞாபகம் இருந்தது.

இழுத்தேன்.

கிரேஸ் சிஸ்டர் திரும்பியதையும் எழுந்து வந்ததையும் நான் பார்க்கவில்லை. தொண்டையில் உள்குழாயை உருவுகிற ஒரு வழுக்கல் தெரிந்தது. பிறகு காற்று. காற்றுக்கு ருசி உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். வெளியே சரம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது, உள்ளே அவர் காலால் மிதிக்கிற பம்பை மிதித்துச் சளியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் இடது மணிக்கட்டில் நூல் ஆடிக்கொண்டிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு டாக்டரம்மா எல்லாரையும் என் அறை வாசலில் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "இத்தனை பேரும் வாசலுக்கு ஓடினோம். நானும் ஓடினேன். உள்ளே யார் இருந்தா?" என்றார். அன்று முதல் மேசையில் ஒருவருக்கு இருவர் ஆனார்கள். எது நடந்தாலும், கூரையே விழுந்தாலும், நூல் கட்டியவர் நூலோடுதான் இருக்க வேண்டும், ஓட வேண்டியதை மற்றவர் ஓட வேண்டும். கொதிநீரில் போட்டெடுத்த மாற்றுக் குழாய் ஒன்று என் தலைமாட்டில் எப்போதும் மூடியபடி இருந்தது. இப்போது பெரிய பட்டணங்களில் இதற்கென்றே தனி வார்டும் மிஷின்களும் வருகின்றன என்று டாக்டரம்மா சொல்கிறார். வரட்டும். நான் பார்த்தது ஒரு மேசை, ஒரு நூல், எழுந்திருக்காத ஒரு பெண்.

வெகு நாள் கழித்து, குரல் வந்த பிறகு, அவரிடம் கேட்டேன். "உங்களுக்கு ஓடத் தோணலையா சிஸ்டர்?"

"தோணாம இருக்குமா அக்கா? கால் ரெண்டும் வாசலுக்குத்தான் இழுத்துச்சு. கையில நூல் இருந்துச்சே" என்றார்.

முத்தையாவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டானாம். வீட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "நான் எங்கயும் வரலை, இங்கனயே கெடக்கேன்" என்றிருக்கிறான். மறுநாளிலிருந்து அந்தத் தெருவுக்கு அவன்தான் காவல். மாட்டு வண்டி வந்தால் மாட்டின் கழுத்துமணிக்கு வைக்கோல் திணித்து அனுப்புவான். லோடு லாரிக்காரர்களிடம், "ஆரன் அடிக்காம போங்கண்ணே, உள்ள எங்க மதினி இருக்காக" என்று கும்பிடுவான். பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போய், சாம்பிள் வெடிப்பதை ஊருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிகளை அத்தனை தூரம் கூட்டிப்போய் வெடித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னை யாரென்றே தெரியாத மனிதர்கள். சீசன் நேரத்தில் சிவகாசிப் பக்கத்தில் ஒரு தெரு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நான் அந்த நிசப்தத்துக்குள்தான் படுத்துக் குணமானேன்.

தொண்டைக் குழாயை எடுத்தார்கள், துளை மூடியது. முதலில் வந்த குரல் காற்றுப்போன நாதசுரம் மாதிரி இருந்தது. ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி வராது என்று நான் நினைத்தேன். அப்படி இல்லையாம், இந்த நோய் எத்தனை தடவையும் வரும், தடுப்பூசி போட்டால்தான் வராது என்று சொல்லி எனக்கே ஊசி போட்டார்கள். படிக்கிறவர்கள் தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள். முள் எல்லார் காட்டிலும் இருக்கிறது.

தீபாவளிக்கு முதல் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதற்குச் சில நாள் முன்னால் என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். ஆலங்குளம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கிறவள், கல் சில்லு காலைக் கிழித்திருந்தது. எனக்கு வந்த அதே நோய், தொண்டையில் அதே குழாய். சுண்டுவிரலிலிருந்து அதே நூல்.

புறப்படுகிற அன்று நான் முகம் கழுவித் தலை வாரி நர்சு மேசையருகே உட்கார்ந்திருந்தேன். வார்டில் ஒரு பிரசவக்காரிக்கு இரத்தப்போக்கு என்று இன்னொரு நர்சு ஓடிவிட்டார். அந்த நேரத்தில் கல் உடைக்கிறவளின் உள்குழாயைக் கழுவ வேண்டியிருந்தது. மாற்றுக் குழாயைப் போட்டுவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்த கிரேஸ் சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கழுவுகிற தொட்டி கதவுக்கு நேரே, ஐந்தாறு எட்டில்தான் இருந்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் கட்டிக்கிடுதீகளா? அசைஞ்சா கையைத் தூக்குங்க, நான் அங்கன இருந்து பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

என் மணிக்கட்டில் நூலைக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் முத்தையா வந்தான். வெறுங்காலோடு, பூனை மாதிரி. வாயைத் திறக்கவில்லை. வண்டி வந்துவிட்டது என்று இரண்டு கையாலும் சக்கரம் சுற்றிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் புதுச் சேலைப் பொட்டலத்தோடு நின்றார். பல நாளாக நான் ஏங்கிய வீடு அந்த வண்டியில் ஏறினால் வந்துவிடும். கால் இரண்டும் வாசலுக்குத்தான் இழுத்தன.

நான் எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டைத் தூக்கி அவர்களுக்குக் காட்டினேன். என் வீட்டுக்காரர் நூலைப் பார்த்தார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

அப்போது நூல் அசைந்தது.

கையைத் தூக்கினேன். சிஸ்டர் ஈரக் கையோடு வந்து குழாயருகே காதை வைத்தார். மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினார். நான் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். அதில் வலி இல்லை. ஒரு கேள்வி மட்டும் இருந்தது. அந்தக் கேள்வி எனக்குத் தெரியும்.

என் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தேன்.